அந்த ஒரு அங்குலம் யார் கணக்கில்?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவரின் தம்பிக்கு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, எட்டு மாதமாகச் சக்கர நாற்காலி. 'ஊனம் உடம்பில் இல்லை, சமூகத்தில்தான் இருக்கிறது' என்று எங்கோ படித்திருக்கிறார். கால் வராததற்குச் சமூகம் என்ன பண்ணும், இதெல்லாம் வார்த்தை ஜாலம்தானே என்று கேட்கிறார். ஊனமுற்றவர் என்பதா மாற்றுத்திறனாளி என்பதா, தம்பியிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருக்கிறார்.

இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறவன் நான். முதல் ஏழெட்டு வருடம் நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். கால் வேலை செய்யவில்லையா, காலைப் பார்; கை வேலை செய்யவில்லையா, கையைப் பார். படித்ததும் அதைத்தான். அந்த நினைப்பை ஒரு குளியலறைக் கதவு மாற்றியது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர், உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். ஆறு மாதம் பயிற்சி கொடுத்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு என்று தானாகவே மாறக் கற்றுக்கொண்டார். தோளிலும் கையிலும் அவ்வளவு வலு. 'பிறர் உதவி தேவையில்லை' என்று எழுதி, கொஞ்சம் பெருமையோடுதான் வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டு மாதத்தில் சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல் என்று திரும்பி வந்தார். மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி வந்தார். மூன்றாவது முறை வந்தபோது, எனக்கே சந்தேகம் வந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

அவருடைய நாற்காலியின் வெளி அகலம், சக்கரத்தைக் கையால் தள்ளுகிற ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையம் வரை, 25 அங்குலம். குளியலறைக் கதவைத் திறந்துவைத்தால் கிடைக்கும் வழி 24 அங்குலம்.

ஒரு அங்குலம். அதற்காக மனைவியும் அண்ணனுமாக அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். கட்டில் போட்டிருந்தது வீட்டுக் கூடத்தில், ஆட்கள் வந்து போகிற இடத்தில். அங்கே வைத்து எதுவும் செய்துகொள்ள அவருக்கு மனமில்லை. அதனால் மனிதர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர், அவ்வளவுதான். தொற்று அங்கிருந்து வந்திருக்கிறது. அதை நாங்கள் எல்லோரும் அவர் உடம்பில் தேடிக்கொண்டிருந்தோம்.

கதவு நிலைக்குச் செங்கோணமாகத் திறந்து நிற்கும்போது பலகையின் கனமே வழியில் ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும். தச்சரைக் கூப்பிட்டு, கதவு நிலையை விட்டு முழுக்க வெளியே விலகி நிற்கிற மாதிரியான கீலாக மாற்றச் சொன்னோம். அரை நாள் வேலை. இருபத்தைந்தரை அங்குலம் கிடைத்தது. விரல் முட்டி நிலையில் உரசும், ஆனாலும் போகலாம். போனார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தாழ்ப்பாள் போடுகிறார் என்று அவர் மனைவி சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது உங்கள் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். கீல் மாற்றுவதற்கு முந்தின நாளும் மறுநாளும் அவருடைய முதுகுத்தண்டு ஒரே மாதிரிதான் இருந்தது. கால் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் முந்தின நாள் அவர் இரண்டு பேர் தூக்க வேண்டிய ஆள், மறுநாள் தானே போய்வருகிற ஆள். நடுவில் மாறியது எது? அந்த ஒரு அங்குலத்தை அவர் கணக்கில் எழுதுவதா, கதவின் கணக்கில் எழுதுவதா?

'ஊனம் சமூகத்தில் இருக்கிறது' என்று சொல்கிறவர்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். இரண்டு வேறு விஷயங்களுக்கு நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். நரம்பு செயல்படாதது, கண் தெரியாதது, காது கேளாதது இவையெல்லாம் உடம்பின் குறைபாடு. குளியலறைக்குப் போக முடியாதது, பள்ளியில் சேர முடியாதது, வேலை கிடைக்காதது, ஓட்டுப்போடப் போன இடத்தில் படிக்கட்டு இருந்ததால் திரும்பி வந்தது இவை வேறு. இரண்டாவது வகை, முதல் வகையிலிருந்து தானாக விளைவதாக நமக்குத் தோன்றுகிறது. நடுவில் யாரோ ஒருவர் கட்டடத்துக்கு வரைபடம் போட்டிருக்கிறார், யாரோ ஒருவர் விதி எழுதியிருக்கிறார் என்பது கண்ணில் படுவதில்லை.

இந்தப் பிரிப்பைத் தெளிவாக எழுதிவைத்தவர்கள் பேராசிரியர்கள் இல்லை. பிரிட்டனில் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்தவர்கள். பால் ஹன்ட் என்று ஒருவர், தசைநலிவு நோயுள்ளவர், பல வருடம் அப்படியோர் இல்லத்தில் வாழ்ந்தவர். அந்த இல்லத்தில் எத்தனை மணிக்குப் படுப்பது என்பதைக்கூட இருப்பவர்கள் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. 1972 செப்டம்பரில் அவர் 'தி கார்டியன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: காப்பகங்களில் இருப்பவர்களும் இனிமேல் அங்கே போக நேரக்கூடியவர்களுமாகச் சேர்ந்து நமக்கென்று ஓர் அமைப்பு தொடங்குவோம் என்று. அதிலிருந்து பிறந்த சங்கம், 1976இல் தன் அடிப்படைக் கொள்கைகளை அச்சிட்டது. எங்கள் உடற்குறைபாட்டின் மேல் சமூகம் கொண்டுவந்து ஏற்றிவைத்திருப்பதுதான் ஊனம் என்பது அதன் சாரம். மைக் ஆலிவர் என்ற சமூகவியலாளர், அவரும் சக்கர நாற்காலிக்காரர், 1983இல் இதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். அதுவரை எல்லோரும் வைத்திருந்த பார்வைக்கு, அதாவது நான் படித்துவந்த பார்வைக்கு, 'மருத்துவ மாதிரி' என்று பெயராயிற்று.

அந்தச் சங்கத்தில் விக் ஃபிங்கல்ஸ்டைன் என்று இன்னொருவர் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போய், அகதியாகப் பிரிட்டன் வந்தவர். ஒரு கூட்டத்தைத் தனியே பிரித்து வைப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர் ஒரு கற்பனை ஊரைச் சொன்னார். அங்கே எல்லோரும் சக்கர நாற்காலிக்காரர்கள். நிர்வாகம், கட்டடக் கலை, மருத்துவம் எல்லாம் அவர்கள் கையில். யாரும் எழுந்து நிற்பதில்லை என்பதால் கூரையைத் தாழ்த்தி, நிலைக்கதவை ஐந்தடியாகக் குறைத்துவிடுகிறார்கள். அந்த ஊருக்கு நடக்கிறவர்கள் சிலர் குடிவருகிறார்கள். போகிற இடமெல்லாம் நெற்றியில் இடி. ஊர் டாக்டர்கள் நெற்றிக் காயத்தை ஆராய்ந்து, இவர்களுக்கு உடம்பில் கோளாறு என்று முடிவு கட்டுகிறார்கள். தலைக்கவசம் எழுதிக் கொடுக்கிறார்கள். குனிந்தே நடப்பதற்கு இடுப்புப் பட்டை தருகிறார்கள். யாரும் வேலை கொடுக்காததால் இவர்களுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் கிளம்புகிறது. கவிழ்த்த தலைக்கவசத்தை உண்டியலாக வைத்து வசூல் செய்கிறார்கள். கதவை உயர்த்தலாமே என்று அந்த நாற்காலிக்காரர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கற்பனைதானே என்பீர்கள். சரி, நிஜமாக நடந்த ஒன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. பரம்பரையாக வந்த ஒரு மரபுக்கூறினால் அங்கே காது கேளாதவர்கள் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுவதையும் எடுத்தால் சுமார் 5,700 பேருக்கு ஒருவர் என்றிருந்தது, அந்தத் தீவில் 155 பேருக்கு ஒருவர். சில்மார்க் என்ற ஊரில் மட்டும் 25 பேருக்கு ஒருவர். அதனால் காது கேட்கிறவர்கள் உட்பட எல்லோரும் குழந்தைப் பருவத்திலிருந்தே சைகை மொழி பேசினார்கள். படகுக்குப் படகு கத்த முடியாத தூரத்தில் சைகையில் பேசிக்கொள்வது கேட்கிறவர்களுக்கே வசதியாக இருந்தது. காது கேளாதவர்கள் மற்றவர்களைப் போலவே கல்யாணம் செய்தார்கள், தொழில் செய்தார்கள், ஊர்ப் பொறுப்புகளுக்கு வந்தார்கள். நோரா குரோஸ் என்ற மானுடவியலாளர் பிற்காலத்தில் அங்கே போய் முதியவர்களிடம் விசாரித்திருக்கிறார். குறிப்பிட்ட இரண்டு பேரைப் பற்றிக் கேட்டால், நல்ல மீனவர்கள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் காது கேட்காதல்லவா என்று எடுத்துக்கொடுத்த பிறகுதான், ஆமாம், அதுவும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். காது அங்கேயும் கேட்கவில்லைதான். ஆனால் ஊரில் யாரும் ஊனமுற்றவராக இல்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் உலகம் போனது 1880இல். இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர்களின் சர்வதேச மாநாடு. 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வகுப்பறையில் சைகை கூடாது, வாயசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டார்கள். நாடு நாடாகக் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்காக அதே மாநாடு வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். நூற்று முப்பது வருடம். நடுவில் படித்த தலைமுறைகளுக்குக் காது மட்டும் போகவில்லை, மொழியும் போயிற்று. முதலாவது இயற்கை செய்தது, இரண்டாவது மாநாடு செய்தது.

உடம்பை மட்டும் பார்க்கிற பார்வை எதுவரை போகும் என்பதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். என் துறையைச் சேர்ந்தவர்கள் இதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அவள் விருப்பம் கேட்காமல் கருத்தடை செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மந்தபுத்தி பரம்பரையாக வருகிறதாம். அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அவளுடைய மகள் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை. ஜெர்மனியில் நாஜிகள் 1933இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள், சுமார் நான்கு லட்சம் பேர் அதில் சிக்கினார்கள். 1940, 41 இரண்டே வருடத்தில் மனநோயாளிகள், உடல்குறை உள்ளவர்கள் என்று எழுபதாயிரம் பேருக்கு மேல் ஆறு நிலையங்களில் நச்சு வாயு வைத்துக் கொன்றார்கள். யார் சாக வேண்டும் என்று படிவத்தில் குறித்தவர்கள் மருத்துவர்கள். பிற்பாடு யூதர்களைக் கொல்லும் முகாம்களை நடத்த அங்கே பழகிய ஆட்களையே அனுப்பினார்கள்.

சரி, உங்கள் ஆட்சேபணைக்கு வருகிறேன். கால் வராதது நிஜம்தானே, வலி நிஜம்தானே? நிஜம்தான். கீலை மாற்றிய அந்த மனிதருக்கு ராத்திரியில் உணர்வே இல்லாத காலில் நெருப்பு வைத்த மாதிரி எரியும். நரம்பு வலி. எந்தத் தச்சராலும் அதைச் சரிசெய்ய முடியாது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி எடையை மாற்றாவிட்டால் புண் வரும். உலகத்துக் கதவுகளையெல்லாம் அகலமாக்கினாலும் அது வரும். இந்தக் கேள்வியைச் சமூக மாதிரியை ஏற்றவர்களே எழுப்பியிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் லிஸ் குரோ போன்ற பெண்கள், எங்கள் வலியைப் பற்றியும் களைப்பைப் பற்றியும் பேசினால் இயக்கத்துக்குத் துரோகம் என்பது போல ஆகிவிட்டதே என்று எழுதினார்கள். டாம் ஷேக்ஸ்பியர் என்ற சமூகவியலாளர், பிறவியிலேயே எலும்பு வளர்ச்சி குன்றியவர், தடையே இல்லாத உலகம் சாத்தியமே இல்லை என்று வாதிட்டார்.

அவர் சொன்னது நடைபாதையில் இறங்கிப் பார்த்தால் புரியும். பார்வையற்றவர்கள் பாதத்தாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்காக, மேடு மேடாகப் புள்ளி வைத்த ஓடுகளைப் பதிக்கிறார்கள். ஜப்பானில் செய்யிச்சி மியாகே உருவாக்கியது. 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அதே மேடு சக்கர நாற்காலியைக் குலுக்கும், முதுகு வலிக்காரருக்குத் தண்டனை. நடைபாதை ஓரத்தைச் சரித்துத் தெருவோடு சமமாக்கினால் நாற்காலிக்காரருக்குச் சந்தோஷம். கோலால் அந்த விளிம்பைத் தட்டித்தான் நடைபாதை முடிகிறது என்று தெரிந்துகொள்கிற பார்வையற்றவர், தெரியாமல் வண்டிகளுக்கு நடுவே இறங்கிவிடுவார். அதனால்தான் சரிவு வைக்கிற இடத்தில் புள்ளி ஓட்டையும் வைக்கிறார்கள். இரண்டு பேருமே கொஞ்சம் விட்டுக்கொடுத்து வந்த ஏற்பாடு அது. எனக்கு இது ஒரு குறையாகத் தெரியவில்லை. எந்தப் பொது இடமும் இப்படித்தான் உருவாகிறது. பேரம் நடக்கிற அறையில் இவர்களும் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறது. நீண்டகாலக் குறைபாடு ஒரு பக்கம், பலவிதத் தடைகள் ஒரு பக்கம். இரண்டும் மோதுகிற இடத்தில் மனிதர் சமமாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறது என்கிறது. ஊனம் என்ற கருத்தே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று முன்னுரையில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. ஒரு சட்ட ஆவணத்தில் அப்படி ஒரு பணிவு இருப்பது எனக்குப் பிடிக்கும். 2008 மே 3 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உலக மக்களில் ஆறு பேரில் ஒருவர், ஏறத்தாழ 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் பலரைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. வலிப்பு, தீராத மூட்டுவலி, மனச்சிதைவு, ஆட்டிசம், ஒரு காது மட்டும் கேளாதது. 'பார்க்க நல்லாத்தானே இருக்கே' என்ற வாக்கியத்தை அவர்கள் கேட்கிற அளவுக்கு நாற்காலிக்காரர்கள் கேட்பதில்லை.

இரக்கத்துக்கும் உரிமைக்கும் என்ன வித்தியாசம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு சாய்தளத்தைப் பாருங்கள், விளங்கிவிடும். நாற்காலிக்காரர் தானாக ஏற வேண்டுமென்றால் ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தது 12 அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலத்தில் இரண்டு படி என்றால் ஓரடி உயரம். பன்னிரண்டடிச் சரிவு வேண்டும். நான் பார்க்கிற பெரும்பாலான சாய்தளங்கள் நாலடியில் முடிந்துவிடும். அதில் ஏறுவதற்கு இரண்டு பேர் தள்ள வேண்டும், தனியாக இறங்கினால் முகங்குப்புற விழ வேண்டியதுதான். கட்டியவர் நல்ல மனதோடு, போட்டோகூட எடுத்துத்தான் கட்டியிருப்பார். யாரையும் கேட்கவில்லை, அளக்கவில்லை, அவ்வளவுதான். உரிமை என்று வந்துவிட்டால், இது பன்னிரண்டடி இல்லையே என்று ஒருவர் புகார் கொடுக்கலாம். தானம் கொடுத்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பது?

அப்படிப் புகார் கொடுக்கிற நிலைமை சும்மா வரவில்லை. அமெரிக்காவில் 1973இலேயே, அரசுப் பணம் வாங்குகிற எந்த இடமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு சொல்லிவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிமுறையில் மட்டும் கையெழுத்துப் போடாமல் நாலு வருடம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரலில் ஜூடி ஹியூமன், கிட்டி கோன் போன்றோர் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து, மூன்று வாரத்துக்கும் மேல் நகரவில்லை. தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். காது கேளாத போராளிகள் ஜன்னலில் நின்று கீழே இருந்தவர்களுக்குச் சைகையில் செய்தி அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களின் செய்தியை வெளியே கொண்டுபோனது அவர்கள் கைகள். ஏப்ரல் 28ஆம் தேதி கையெழுத்து விழுந்தது.

இரக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு, புகழ்ச்சி. ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்று ஒரு நகைச்சுவைக் கலைஞர், சக்கர நாற்காலிக்காரர், 2014இல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவருக்குப் பதினைந்து வயதில், ஊர்க்காரர் ஒருவர் இவளுக்குச் சாதனை விருது கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தாராம். அவளோ பள்ளிக்கூடம் போகிறாள், டிவி பார்க்கிறாள். இவள் ஒன்றும் சாதிக்கவில்லையே என்று பெற்றோர் சொல்லியனுப்பினார்கள். படிக்கட்டைப் பார்த்து எத்தனை நேரம் சிரித்தாலும் அது சாய்தளமாக மாறாது என்பது அவர் பேச்சில் வந்த ஒன்று. தன்னம்பிக்கைதான் முக்கியம் என்று உங்கள் தம்பியிடம் யாராவது வந்து சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் தன்னம்பிக்கை இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. கதவுக்கும் அகலம் இருக்கட்டும்.

சொல் விஷயம். 'மாற்றுத்திறனாளி' மரியாதையான சொல், எழுத்திலும் அரசு வழக்கிலும் நிலைத்துவிட்டது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தச் சொல் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. 'எனக்கு என்ன சார் மாற்றுத்திறன்? கால் வரலை, அவ்வளவுதானே' என்று என்னிடமே சிரித்தவர்கள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று கூடுதலாக வந்திருக்க வேண்டும் என்று அந்தச் சொல் எதிர்பார்க்கிற மாதிரி அவர்களுக்குப் படுகிறது. பார்வையற்றவர், காது கேளாதவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் என்று இருப்பதை இருக்கிறபடி சொல்வது பெரும்பாலும் போதும். 'சக்கர நாற்காலியில் முடங்கிய' என்று மட்டும் எழுதாதீர்கள். நாற்காலி இல்லையென்றால்தான் அவர் முடங்கிப்போவார். நாற்காலி அவருடைய வண்டி. அப்புறம், நொண்டிச் சாக்கு, குருட்டு நம்பிக்கை, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம் பேச்சு முழுக்க விரவிக் கிடப்பவை. அவற்றையெல்லாம் நாளைக்கே ஒழிக்க வேண்டும் என்று நான் கிளம்ப மாட்டேன். ஆனால் ஒரு குழந்தை 'நொண்டி' என்பதை முதலில் சாக்கோடு சேர்த்துத்தான் கேட்கிறது, மனிதரை அப்புறம்தான் பார்க்கிறது என்பது எனக்கு உறுத்தும்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது என்றால், முன்னே எப்படிப் பேசினீர்களோ அப்படித்தான். சண்டை போட்டீர்களானால் சண்டையும் போடுங்கள். கடையில் விற்பவர் உங்களைப் பார்த்து 'இவருக்கு எந்த அளவு சட்டை?' என்று கேட்டால் பதில் சொல்லாமல் தம்பி பக்கம் திரும்புங்கள். ஒரு நிமிட மௌனம்தான், விற்பவர் புரிந்துகொள்வார். கேட்காமல் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். யாராவது திடீரென்று உங்கள் இடுப்பைப் பிடித்து நகர்த்தினால் எப்படி இருக்கும், அந்த மாதிரிதான் அவருக்கும். அவர் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் புரியும் என்று யாராவது சொல்வார்கள். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் நாள்காரரின் தடுமாற்றம்தான் உங்களுக்குத் தெரியவரும், பத்தாவது வருடத்துக்காரரின் லாகவம் தெரியாது. எழுந்திருக்கும்போது ஐயோ பாவம் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

எட்டு மாதம் என்பது ரொம்பக் குறைவான காலம். அவர் கோபப்படுவார், அழுவார், சில நாள் எதையும் பேச மாட்டார். கால் போனதற்குத் துக்கப்பட அவருக்கு உரிமை உண்டு. 'சமூகம்தான் காரணம்' என்று அந்த நேரத்தில் போய்ச் சொல்லாதீர்கள், அடிக்க வருவார். ஆனால் துக்கம் எவ்வளவு, இடைஞ்சல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஓர் அளவு நாடா வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். அவர் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியின் வெளி அகலம். ஒவ்வொரு கதவும் திறந்திருக்கும்போது உள்ள வழி. 32 அங்குலம் இருந்தால் நிம்மதி, புதிதாகக் கட்டுவதாக இருந்தால் 36 கேளுங்கள். நாற்காலி ஒரு வட்டம் திரும்ப ஐந்தடி இடம் இருக்கிறதா. கழிப்பறை இருக்கை நாற்காலி உயரத்துக்குச் சமமாக, 17 முதல் 19 அங்குலத்துக்குள் இருக்கிறதா. விளக்கு விசை, கொக்கி, கண்ணாடி எல்லாம் உட்கார்ந்தபடி எட்டுகிறதா. கட்டிலிலிருந்து வாசல் வரை எத்தனை படி, எத்தனை அங்குலம்.

கூடவே, ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். குறைவாகச் சொன்னால் டாக்டரிடம் போங்கள், ஆனால் குளியலறைக் கதவையும் ஒருமுறை அளந்துவிட்டுப் போங்கள். அதைச் சரிசெய்து அவர் தானாக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால், வெளியே நின்றுகொண்டு 'முடிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள்.